ஊரைப் பார்த்த ஸ்பீக்கர்

அம்பிகா பாடிய முதல் பாட்டு இரண்டாவது தடவையாகத் தொப்பம்பட்டியிலிருந்து திரும்பி வந்தது. திருவிழாக் கமிட்டி ஆண்டிச்சாமி போனில் மரியாதை குறையாமல்தான் சொன்னார்.

"ஏனுங்க தம்பி, கொட்டுச் சத்தம் சும்மா அதிருதுங்க. பாடுற புள்ளையத்தான் எங்க தேடியும் காணோமுங்க. நாளைக்குள்ள சரிபண்ணிக் குடுத்துருங்க."

வீட்டிலேயே அவள் பாட்டைப் பதிவு செய்து அனுப்பிய புருஷன் பிரபு, போனைச் சத்தமாக வைத்துத் தொலைத்திருந்தான். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்பிகாவின் காதில் அம்புட்டும் விழுந்தது. வெங்காயத்தில் ஒரு வசதி, கண்ணீருக்கு யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

"என் குரல் எடுபடல மாமா. ஐரினே பாடட்டும்" என்றவள், சர்ச்சில் பாடும் அந்தச் சிநேகிதிக்குப் போன் போட்டுச் சாயங்காலம் வரவும் சொல்லிவிட்டாள்.

"உன் குரலுக்கு என்ன கொறச்சல்? எல்லாம் இந்த மேசை பண்ணுற வேலை" என்றான் பிரபு. பொய்யில்லை. ஸ்பீக்கர் இரண்டும் மேசைமேல், சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தன. மேசையும் சுவரும் சேர்ந்து அவள் குரலைத் தடிப்பாக்கிக் காட்ட, இவன் அதைக் குறைத்துக் குறைத்து, வெளியூரில் போட்டால் ஆளே இல்லாமல் செய்திருந்தான்.

மத்தியானமே பேகம்பூர் சௌகத் அலி கடையில், ஸ்பீக்கரை ஏற்றி வைக்க, மேசை விளிம்பில் திருகி மாட்டுகிற கிளாம்ப் ஸ்டாண்டு ஒரு ஜோடி வாங்கி வந்தான். பலகை நசுங்காமலிருக்கப் பழைய செருப்பு ரப்பரை வெட்டி இடையில் வைத்து முறுக்கினான். அதுவரைக்கும் சரி. ஆனால் கல்யாண வீடு, கோயில் என்று மைக் செட் கட்டியே பழகிய கை சும்மா இருக்குமா? ஸ்டாண்டை எட்டுமட்டும் உயர்த்தினான். மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிற நினைப்பில் ஒரு ஸ்பீக்கரை வாசலுக்கும் இன்னொன்றை ஜன்னலுக்கும் திருப்பிவிட்டுப் பாட்டைப் போட்டான்.

எதிர்வீட்டு மொக்கைச்சாமி தாளம் தட்டினார். நாற்காலியில் இருந்த அம்பிகாவுக்கோ தன் பாட்டு தலைக்கு மேலே எங்கேயோ போவது போலிருந்தது.

"யாருக்கு மாமா போடுறீங்க?"

"ஜனத்துக்குத்தான்."

"எங்கிட்டு இருக்கு ஜனம்? இங்க இருக்கறது நீங்களும் நானுந்தான்."

பிரபு அறையைச் சுற்றிப் பார்த்தான். அசடு வழியச் சிரித்தான். மேசையைச் சுவரைவிட்டு முன்னே இழுத்து, ஸ்டாண்டை அவள் காது மட்டத்துக்கு இறக்கி, இரண்டு ஸ்பீக்கரையும் அவள் முகம் பார்க்கத் திருப்பினான். இருபக்கமும் தூரம் ஒன்றுதானா என்று அவள் முந்தானையைப் பிடித்தே அளந்தான்.

"கிழிச்சுராதீங்க!"

குறைத்து வைத்த குரலை மறுபடி ஏற்றிப் பாட்டை ஓடவிட்டான். இந்தத் தடவை குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் வந்து நின்றது. அவள் மூச்செடுப்பதுகூடக் கேட்டது. இம்புட்டு நல்லாவா பாடியிருக்கேன் என்று அம்பிகா நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

இரண்டாவது சரணத்தில் சட்டென்று கண்ணைத் திறந்தாள்.

"நிறுத்துங்க. அந்த எடத்துல சுருதி எறங்குதே!"

"லேசாத்தான்."

"லேசா எறங்குனா சரியாப் போச்சா? இம்புட்டு நாளா எனக்குக் கேக்கவே இல்லையே!" சண்டைக்கு வருகிறவள் மாதிரிச் சொன்னாலும் முகமெல்லாம் சிரிப்பு. எழுந்து போய்க் கையைக் கழுவி, ஒரு வாய் வெந்நீர் குடித்து வந்தாள். "மைக்கை மாட்டுங்க. திரும்பப் பாடுறேன்."

"ஐரின் சாயங்காலம் வருதே?"

"வரட்டும். இந்த நாற்காலியில உக்காந்து கேக்கட்டும்."