கதவு பொருந்திய மதியம்

களத்தில் இருந்தவர்கள்:
பரணிதரன். காரின் சொந்தக்காரன். சென்னையில் இரவு ஷிப்ட் வேலையை விட்டுவிட்டு வந்தவன்.
மங்களாம்பிகை. அவனுடைய அக்கா. முத்துப்பேட்டையில் புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தவள்.
அன்பரசன். திருக்காட்டுப்பள்ளி வெல்டர்.
சக்கரம் கழற்றிய ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்.
இதை எழுதுகிற நான். (இல்லை. நான் அங்கே இல்லை. அடித்துவிடுகிறேன்.)

1

கதை அன்பரசன் சொன்னது. என் பைக் ஸ்டாண்டைப் பற்றவைத்துக்கொண்டே சொன்னான். முகமூடி போட்டிருந்ததால் பாதி கேட்கவில்லை. கேட்காத பாதியை நானே எழுதினேன். இப்போது எது எந்தப் பாதி என்று எனக்கே குழப்பம்.

'ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்ட அன்று' என்று ஆரம்பித்தேன். வேண்டாம். 'துரு என்பது' — அதுவும் வேண்டாம்.

2

காரின் அடியில் நீளவாக்கில் இரண்டு இரும்புச் சட்டங்கள். அவற்றின்மேல்தான் பாடி உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் அரித்துவிட்டன. வெட்டிவிட்டுப் புதிது வைக்க வேண்டும். அதற்கு முன் பாடியை ஜாக்கிகளில் தூக்கி மட்டமாக நிறுத்த வேண்டும். கோணலாக நிற்கும்போது வெட்டினால் அந்தக் கோணல் நிரந்தரம். கதவு ஒருநாளும் சாத்தாது. கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுவதாகப் பரணிதரன் திட்டம். அதைவிட்டால் அவனுக்கு வேறு பிழைப்பு இல்லை.

நாலு மூலையிலும் தரையிலிருந்து அன்பரசன் டேப் வைத்து அளந்தான். நாலும் ஒன்று. ஆனாலும் டிரைவர் பக்கக் கதவு இடித்துக்கொண்டு நின்றது.

"அளவு சரிதாண்ணே. கதவை ரெண்டு தட்டு தட்டிடவா?" என்றான் அன்பரசன்.

ஓரத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மங்களாம்பிகை திரும்பினாள்.

"எதுலேருந்துடா அளக்குற?"

"தரையிலேருந்து. வேற எதுலேருந்து அளப்பாங்க?"

"இது நெல்லு காயவைக்கிற களம்டா. மழைத்தண்ணி நிக்கக் கூடாதுன்னு நடுவுல மேடு வச்சுக் கட்டுனது. வண்டிய மேட்டு மேல கோணவாட்டுல நிறுத்திட்டு அளவு சரிங்குற. என்னைக்காவது இங்க நெல்லு கிண்டியிருந்தாத்தானே தெரியும்."

"அக்கா, நீங்க பட்டறைக்கு வந்துடுங்க. நான் வீட்டுல சமைச்சுப் போடுறேன்."

"ஒம் பொண்டாட்டி என்னடா பாவம் பண்ணா?"

கொத்தனாரிடமிருந்து லெவல் டியூப் வாங்கிவந்தார்கள். தண்ணீர் நிரப்பிய, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற நீள பிளாஸ்டிக் டியூப். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். தரை எப்படி இருந்தாலும் கவலையில்லை.

3

மங்களாம்பிகை வருகிற பகுதிமேல்தான் எனக்குச் சந்தேகம். ஒரு மழைநாளில் புருஷன் தியாகராசன் அவளை வெளியே தள்ளி, உள்ளே தாழ்ப்பாள் போட்டான் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

[அன்பரசன் சொன்னதா, நான் போட்டதா? கடைசிக் காட்சிக்கு ரொம்ப வசதியாக இருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை. எடுத்துப் பார்த்தேன். கதை நொண்டியது. திரும்ப வைத்துவிட்டேன்.]

இனி அங்கே போகமாட்டேன் என்று அவள் சொன்னாள். பரணிதரன் சரி என்றான். பிறகு அவளுக்குத் தெரியாமல் தியாகராசனுக்குப் போன் செய்து, வந்து கூட்டிக்கொண்டு போகச் சொன்னான். இது நிச்சயம். ஏன் சொன்னான் என்பது நிச்சயமில்லை. அவனைக் கெட்டவனாக எழுதிப் பார்த்தேன், நிற்கவில்லை. நல்லவனாகவும் நிற்கவில்லை.

4

ஜாக்கிகளுக்கு அடியில் தகடு செருகிச் செருகி, கடைசியில் நாலு மூலையும் மட்டத்துக்கு வந்தன. பரணிதரன் ஒற்றை விரலால் கதவைத் தள்ளினான். சாத்திக்கொண்டது. திறந்தான். தள்ளினான். மறுபடியும் சாத்திக்கொண்டது. பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"போதும்ணே, தொடாதீங்க. உள்ள குறுக்குக் குழாய் வச்சுப் பத்தவைக்கிற வரைக்கும் யாரும் கைவைக்கக் கூடாது. வேகமா அசைச்சா ஜாக்கி நழுவும். பாடி முறுக்கிக்கிட்டா அப்புறம் காயலான் கடைதான்."

வாசலில் பைக் வந்து நின்றது. தியாகராசன் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"கெளம்பச் சொல்லு மாப்ள, நேரமாவுது."

மங்களாம்பிகை தம்பியைப் பார்த்தாள். "நீதான் வரச் சொன்னியா?"

"பேசித் தீத்துக்கலாம்க்கா."

"யாரு பேசுறது? நீயா?"

5

அடுத்து நடந்ததைச் சொல்வதற்கு முன், அதற்கும் அடுத்ததைச் சொல்லிவிடுகிறேன். வரிசை தப்புதான்.

அவள் காருக்குள் இருக்கிறாள். மறுபக்கக் கதவு துருவேறி வருஷக்கணக்காகத் திறப்பதில்லை. அவளை வெளியே இழுக்க வேண்டுமென்றால் காரை உலுக்க வேண்டும்.

அ. பரணிதரன் உலுக்குகிறான். அக்காவும் போகிறாள், காரும் போகிறது.

ஆ. "அத்தான், நீங்க கெளம்புங்க" என்கிறான். அக்காவுக்காகவா, காருக்காகவா? ஆ-வை எழுதி எழுதிப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை.

இ. ஒன்றும் செய்யாமல் நிற்கிறான். இதைத்தான் நான் செய்திருப்பேன். ஆனால் நான் அங்கே இல்லை.

என்ன ஆச்சு என்று அன்பரசனைக் கேட்டேன். "வெல்டிங் ராடு வாங்கப் போயிட்டேன் சார்" என்றான். பொய்யாக இருக்கலாம். மூன்றில் ஒன்றை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் கேட்காதீர்கள்.

6

அன்பரசன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னது இவ்வளவுதான்.

மங்களாம்பிகை களத்தைக் கடந்து வந்தாள். கார் அருகே செருப்பைக் கழற்றினாள். கதவை மெல்லத் திறந்து, பாரம் ஒரே பக்கம் விழாமல் கையை ஊன்றி, மெதுவாக டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். ஜாக்கி முனகியது. டியூபில் தண்ணீர் ஆடி நின்றது.

"அக்கா, எறங்கு... ஆட்டாத... அக்கா!"

கண்ணாடியை ஏற்றினாள். ஒற்றை விரலால் கதவை இழுத்தாள். எங்கும் இடிக்காமல் சாத்திக்கொண்டது. உள்கைப்பிடியை முன்னால் தள்ளினாள். பூட்டு விழுந்தது.