பஸ் திரும்பும் இடம்

தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை பஸ் முனியாயி வீட்டில் நிற்காமல் தாண்டிப் போனது. பதினாறு வருஷமாக அவள் வாசலில்தான் அது நின்று, முன்னும் பின்னுமாக நகர்ந்து திரும்பும். அதற்குமேல் தார் ரோடு இல்லை. இப்போது தெருவின் கடைசிவரை ரோடு போட்டாயிற்று. டிரைவர் பழக்கத்தில் ஒரு ஹாரன் அடித்தார். அவருக்காகச் சொம்பில் தண்ணீரோடு வெளியே வந்த முனியாயி, பஸ்ஸின் பின்பக்கம் சரிவில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தெருவின் கடைசி வீடு கண்ணாயியுடையது.

பஸ் முனியாயிக்குச் சொந்தமில்லைதான். ஆனால் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அவள் வாசலில்தான் நின்றார்கள். மரவள்ளி மூட்டையை அவள் சுவரில் சாய்த்துவிட்டு வெற்றிலை போடுவார்கள். கைக்குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டுச் சேலையைச் சரிசெய்வார்கள். யார் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், யாருக்குப் பெண் பார்க்கிறார்கள் என்பது முதலில் அவளுக்குத் தெரியும்; பிறகுதான் ஊருக்கு.

அவளும் கண்ணாயியும் ஒரே வருஷம் இந்தத் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்தவர்கள். கண்ணாயி சிரித்தால் எதிரில் இருப்பவரும் காரணம் தெரியாமலே சிரிப்பார். முனியாயிக்கு அப்படிச் சிரிக்க வராது. பரவாயில்லை, அவளிடம் பஸ் இருந்தது.

மாசியில் ரோட்டோரம் சாக்கு விரித்து மிளகு காயப்போட்டாள். பஸ்ஸுக்குப் போகிறவர்கள் மிளகை மிதிக்காமல் பத்திரமாக ஒதுங்கிப் போனார்கள். அவளிடம் நின்று பேச நேரமில்லை. வைகாசியில் கண்ணாயி பலாப்பழம் அறுத்து, நிற்கிறவர்களுக்கெல்லாம் சுளை கொடுக்கிறாள் என்று கேள்வி. முனியாயி மரத்திலும் பழம் இருந்தது. காக்காய் கொத்தியது. ஆடிச் சாரலில் கண்ணாயி வாசலில் நீலத் தார்ப்பாய் ஏறியது. மழைக்கு ஒதுங்கிய கூட்டத்தின் சிரிப்பு காற்றில் மேலேறி வந்தது. கட்டிய புருஷன் ராசப்பனே பொழுது போகவில்லையென்றால் அங்கே போய் உட்கார்ந்தான். திரும்பி வந்து எதைச் சொன்னாலும் "கண்ணாயி சொல்லுச்சு" என்றுதான் ஆரம்பித்தான். அந்த இரண்டு சொல்லைக் கேட்டாலே முனியாயி கையிலிருந்த பாத்திரத்தை ஓசைப்பட வைத்தாள். ஐப்பசி பிறந்தபிறகு, பஸ் சத்தம் கேட்டதும் அவள் புழக்கடைப் பக்கம் போய்விடுவாள். அதைப் பார்ப்பதே இல்லையென்று வைராக்கியம்.

கார்த்திகையில் ஒருநாள், எதிர்வீடு தெரியாத மூடுபனி. பதினொரு மணி பஸ் போய் ஒரு மணி நேரம் கழித்து, ராசப்பன் தோளில் ஒரு பையோடு வந்தான். பையை அவளுக்குத் தெரியும். நாமக்கல்லில் கட்டிக்கொடுத்த மகள் ரஞ்சிதாவுடையது.

"புள்ள வந்துருக்குது. கண்ணாயி ஊட்டுல படுத்துருக்கா," என்றான். அவன் முகமெல்லாம் சிரிப்பு. "முழுகாம இருக்கறாளாம்."

"யாரு சொன்னா?"

"கண்ணாயிதான்."

முனியாயி பையை வாங்கிக் கீழே வைத்தாள். வயிற்றில் வந்த சந்தோஷம் தொண்டைக்கு ஏறுவதற்குள் வேறு என்னவோ ஆகிவிட்டது.

மகள் நடந்து வந்து சேர்ந்தபோதும் "வா" என்றதோடு சரி. சாயங்காலம் கண்ணாயி ஒரு தூக்குப்போசி கொடுத்தனுப்பினாள். சாமைச் சோறும் புளிச்சகீரைக் கடைசலும், வாய்க்கு ருசியாக இருக்கட்டும் என்று. முனியாயி அதைப் புழக்கடைக்கு எடுத்துப்போய்க் கோழிகளுக்குக் கொட்டினாள். போசியைத் தட்டிவிட்டுத் திரும்பினால், நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு ரஞ்சிதா நின்றிருந்தாள்.

"பஸ்ஸு நம்ம ஊட்டத் தாண்டறப்ப, ஜன்னல்ல கைய நீட்டி அம்மான்னு கத்தினேன்," என்றாள். "நீ வாசல்ல இல்ல. மலையில அத்தன வளைவு சுத்தி வந்ததுல எறங்கினதுமே வாந்தி. கண்ணாயிப் பெரியம்மாதான் நெத்தியப் புடிச்சுக்கிட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லலம்மா. அவங்களாக் கண்டுக்கிட்டாங்க. உங்கிட்ட நேர்ல சொல்லணும்னுதான் லீவு போட்டுட்டு வந்தேன்."

முனியாயி காலிப் போசியை முந்தானையால் மூடினாள். கோழிகள் சோற்றைக் கொத்திக்கொண்டிருந்தன.

இரண்டு நாள் இருப்பதாக வந்த மகள் மறுநாள் காலை பஸ்ஸுக்கே கிளம்பினாள். முனியாயி போசியை இரண்டு தரம் தேய்த்துக் கழுவினாள். வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாதென்று மிளகு போட்டு நிரப்பினாள். ரோடு போட்டபிறகு அந்தச் சரிவில் அவள் இறங்குவது அதுதான் முதல் தரம்.

கண்ணாயி வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். "கீர புடிச்சுதா கண்ணு?" என்றாள் கண்ணாயி.

முனியாயி மிளகுப் போசியை அவள் பக்கம் நீட்டினாள்.

"நல்லா இருந்துச்சுங்க பெரியம்மா," என்றாள் ரஞ்சிதா. "அம்மாவும் சாப்ட்டாங்க."

"அட, அதிசயமா இருக்குது!" கண்ணாயி சிரித்தாள், நின்றவர்களும் சிரித்தார்கள். "வா முனியாயி, இப்படி ஒக்காரு. பனியில நிக்காத." நகர்ந்து இடம்விட்டாள்.

முனியாயி உட்காரவில்லை. மகள் காப்பாற்றியது தன் மானத்தையா, கண்ணாயியின் மனசையா? அந்த நேரத்திலும் அவளுக்கு யோசனை அப்படித்தான் ஓடியது.

பஸ் வந்து திரும்பியது. ரஞ்சிதா ஏறும்போது அம்மாவின் முழங்கையை ஒரு தரம் தொட்டாள். "பாத்துப் போ சாமி," என்றாள் முனியாயி. அதற்குமேல் சொல்ல நினைத்ததெல்லாம் டிரைவர் வண்டியை எடுத்த சத்தத்தில் போய்விட்டது.

பஸ் மேட்டில் ஏறியது. பின்கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. உள்ளிருந்து ஒரு கை அதன்மேல் இப்படியும் அப்படியும் அசைந்தது. கண்ணாடியைத் துடைக்கிறாளா, கையாட்டுகிறாளா என்று தெரியவில்லை. முனியாயிக்குப் பின்னால் கண்ணாயி எழுந்து கையை வீசி ஆட்டினாள். முனியாயி விறுவிறுவென்று நடுரோட்டுக்கு வந்து, கண்ணாயியை மறைத்துக்கொண்டு நின்று, இரண்டு கைகளையும் தூக்கினாள். கண்ணாடியில் துடைத்த இடத்தை மறுபடி ஆவி மூடிக்கொண்டிருந்தது.