தக்கை இருக்கிறவரை

அந்தப் பாட்டிலை என் வீட்டுக்காரர் சிலுவை கொண்டுவந்தது 1970-இல். கடலில் நங்கூரம் போட்டிருந்த ஓர் இத்தாலிக் கப்பலைத் தள்ளுகிற அடிவிசிறியில் கயிறு சுற்றிக்கொண்டதாம். சங்கு குளிக்கிறவர் என்பதால் இவரைத் தோணியில் கூட்டிப்போனார்கள். நாலு தரம் முங்கிக் கயிற்றை அறுத்துவிட்டவருக்குக் கேப்டன் கூலிக்கு மேலே ஒரு சிவப்பு ஒயின் கொடுத்தார். பரோலோ என்று பெயராம். 1964 என்று பாட்டிலில் ஒட்டிய தாளில் அச்சடித்திருந்தது.

கொடுத்தவர் சும்மா கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். பாடம் வேறு நடத்தியிருக்கிறார்.

"இப்பம் குடிச்சா நாக்கைப் புடிச்சு இழுக்குமாம். பத்து வருசம் படுக்கப் போட்டு வச்சா தொவர்ப்பு அடங்கி, ரோசாப்பூ வாசமும் தாரு மாதிரி கீலு வாசமும் சேந்து வருமாம். வெயில் படப்புடாது, குலுக்கப்புடாது, தக்கை காயப்புடாது. எம்பதுல வாரேன், சேந்து குடிப்போம்னு சொல்லுதாரு" என்றார் இவர்.

"இதுக்குப் பத்து வருசமா? வள்ளத்துக்குக் கீலு பூசுத அன்னைக்கு ஒரு மாலையைப் போட்டா அந்த வாசம் வந்துட்டுப் போவுது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

அவருடைய தாத்தா காலத்தில் முத்துக்குளிப்பின்போது கடல்கட்டி என்று ஒருவர் கரையில் நிற்பாராம். மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டிவிட்டு, கடைசி ஆள் மேலே வரும்வரை தன் வாயையும் திறக்கமாட்டாராம். கடல்கட்டி வாயைத் திறந்தால் சுறாவும் திறந்துவிடுமாம். ஞாயிறு தவறாமல் பூசை காண்கிற மனிதருக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்ததோ, பாட்டிலைத் தன் கடல்கட்டி ஆக்கிக்கொண்டார். தக்கை இருக்கிறவரை கடல் அவரைத் தொடாதாம்.

"தொறக்குத அன்னைக்குக் குளிப்பை விட்டுருதேன், ஆக்னஸ். மாதா மேல சத்தியம்" என்றார்.

தூத்துக்குடிச் சூட்டில் பத்து வருஷம்! அடுக்களை மூலையில் ஒரு தொட்டியில் ஈரமணலைப் போட்டு அதற்குள் கிடத்தினேன். தினமும் தண்ணீர் தெளித்தது நான். மதுவிலக்கு மறுபடி வந்தபோது, தெருவில் காக்கிச் சட்டையைக் கண்டாலே தொட்டிமேல் விறகை அடுக்கி மறைத்ததும் நான்தான். அவர் கடலுக்குப் போகுமுன் மணலை விலக்கித் தக்கையைத் தொட்டுப் பார்ப்பார். அதோடு அவர் வேலை முடிந்தது.

ஆறு வருஷம் கழிந்து அவர் தலையணையில் ரத்தக்கறை பார்த்தேன். இரண்டு காதிலிருந்தும் வடிந்திருந்தது. இன்னும் ஒரு தரம் ஆழத்துக்குப் போனால் காதோடு நிற்காது, உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னார். வெளியே வந்ததும் இவர் கேட்ட முதல் கேள்வி, "தொட்டியில தண்ணி தெளிச்சியா?"

அறைந்துவிடலாமா என்றிருந்தது.

எழுபத்தேழு பங்குனியில், என் அழுகை தாங்காமல், பாளையங்கோட்டையில் பெரிய டாக்டரிடம் காட்டச் சம்மதித்தார். விடியுமுன்னே வெள்ளைச் சட்டை போட்டு முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினார். போகும்போது மணலை விலக்கித் தக்கையைத் தொட்டார். பஸ்ஸில் போகிறவருக்கு அது எதற்கு என்று எனக்குத் தோன்றவில்லை.

எனக்குத் தோன்றியது வேறு. அவர் திரும்பும்போது பாட்டில் திறந்து கிடக்க வேண்டும். மாதா மேல் செய்த சத்தியத்தை மீறமாட்டார். திட்டட்டும், அடிக்கட்டும், உயிரோடு கரையில் இருந்தால் போதும்.

சங்கிலிருந்து சதை எடுக்கிற கம்பியால் தக்கையைக் குடைந்தேன். அது முழுதாக வராமல் தூள்தூளாக உதிர்ந்தது. கடைசித் துண்டு உள்ளே விழுந்ததும் அடுக்களை முழுவதும் ஒரு வாசம். மாதா சுரூபத்தில் வாடிக் கிடக்கிற ரோஜா மாலை, பக்கத்தில் கீல் பூசிய வள்ளம். கேப்டன் பொய் சொல்லவில்லை. ஒரு சொட்டை நாக்கில் விட்டேன். பிடித்து இழுக்கத்தான் செய்தது, ஆனால் பிறகு மெதுவாக விட்டது. அவருக்கு ஒரு வாய் கொடுக்கலாம் என்று ஆசை வந்தது.

அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பேபி கையில் வெள்ளைச் சட்டையோடு வந்தாள்.

"ஏளா ஆக்னஸ், ஒன் வீட்டுக்காரரு இதைக் கரையில கழத்திப் போட்டுட்டு வள்ளத்துல ஏறிட்டாரு. ஆஸ்பத்திரிக்குன்னுல்லா சொன்ன? அது என்ன வாடை?"

கீழே சிந்திக் கிடந்த தூளை அள்ளிப் பாட்டிலின் வாயில் திணித்தேன். நிற்கவில்லை, உள்ளே போய் மிதந்தது. இந்தப் பைத்தியக்காரத்தனத்தை ஏழு வருஷம் கேலி பண்ணியவள் நான். பெருவிரலை வைத்து அழுத்திக்கொண்டு, பாட்டிலைக் குலுக்காமல் கடற்கரைக்கு ஓடினேன்.

பேபி பின்னாலேயே வந்தாள். "ஏளா, என்னன்னு சொல்லேன்! வாயைத் தொறந்து பேசு!"

நான் திறக்கவில்லை. வெயில் ஏறியது. விரல் மரத்தது. வள்ளங்கள் மத்தியானத்துக்கு மேல்தான் திரும்பும். ஆனால் பத்து மணி வாக்கில் அவர் ஏறிய வள்ளம் மட்டும் தனியாகக் கரையைப் பார்த்து வந்தது. அதில் அவரோடு சேர்த்துப் போகிறவர்கள் ஏழு பேர். எண்ணினேன். மறுபடி எண்ணினேன். ஆறு பேர் நின்றிருந்தார்கள். யாரும் கரையைப் பார்க்கவில்லை, எல்லோரும் குனிந்து வள்ளத்துக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் விரலை இன்னும் அழுத்திக்கொண்டேன்.