சுவரில் மாட்டிய காகிதம்

போதை மீட்புச் சிகிச்சை மையத்தின் வாசலில் டாரல் ஒரு கறுப்புக் குப்பைப் பையோடு நின்றுகொண்டிருந்தான். முப்பது நாள் துணிமணி எல்லாம் அதற்குள்தான். லோரீன் வண்டியை நிறுத்தியதும் பையைப் பின்சீட்டில் எறிந்துவிட்டு முன்னால் ஏறிக்கொண்டான்.

"என்னக்கா, அடையாளம் தெரியலையா? இருபது பவுண்டு எடை ஏறிட்டேன்."

"ஏறட்டும். பெல்ட்டைப் போடு."

அவளுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. சாயங்காலத்துக்குள் தம்பிக்கு ஒரு கட்டில் கிடைத்தாக வேண்டும். தன் வீட்டுக்கு அழைத்துப்போக முடியாது. எதிர்வீட்டிலேயே போதை மாத்திரை விற்கிறார்கள். அவள் வீட்டுக் குளியலறையில்தான் போன பிப்ரவரியில் மாத்திரை அளவு மீறி அவன் உதடு நீலம் பாய்ந்து கிடந்தான். ஆம்புலன்ஸ்காரர் மூக்கில் மருந்தை அடித்து எழுப்பினார். இன்னும் ஐந்து நிமிடம் போயிருந்தால் எழுப்பியிருக்க முடியாது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

போதையை விட்டவர்கள் சேர்ந்து வாழும் வீடுகள் ஹண்டிங்டன் நகரத்தில் தெருவுக்கு ஒன்று இருக்கின்றன. லோரீன் கையில் இரண்டு முகவரிகள். ஒன்று மையத்து ஆலோசகர் அச்சடித்துக் கொடுத்த பட்டியலில் இருந்தது. இன்னொன்றைச் சர்ச்சில் ஒரு அம்மாள் ஞாயிறு வழிபாட்டுத் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள்.

"சான்றிதழ் வாங்கின வீடாப் பாருங்க," என்று ஆலோசகர் இரண்டு தடவை சொல்லியிருந்தார். லோரீன் தலையாட்டினாளே தவிர, ஏன் என்று கேட்கவில்லை. டாரலுக்கு முதன்முதலில் முதுகுவலி மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரின் அறையில் சுவர் தெரியாத அளவுக்குச் சான்றிதழ்கள் மாட்டியிருந்தன. அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அந்த மாத்திரையில்தான் எல்லாம் தொடங்கியது.

பட்டியலில் இருந்த வீட்டுக்கு முதலில் போனார்கள். வாசல் தூணில் பெயிண்ட் உரிந்து தொங்கியது. உள்ளே இரண்டு பேர் ஒரு வாணலிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நேத்தும் நான்தான் கழுவினேன்!"

"தண்ணி காட்டினதுக்குப் பேரு கழுவறதா?"

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஹேஸல் ஐம்பது வயதுக்காரி, குரல் கரகரப்பு. "ரெண்டு பேரும் வாயை மூடுங்க, விருந்தாளி வந்திருக்கு," என்று அதட்டிவிட்டு இவர்கள் பக்கம் திரும்பினாள். "நானும் ஒரு காலத்துல உன்ன மாதிரி குப்பைப் பையோட வந்தவதான் தம்பி. ஒன்பது வருஷம் ஆச்சு. மருந்து ஏதாவது எடுக்கறியா?"

டாரல் சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினான். போதை ஏக்கத்தை அடக்க, தினமும் காலையில் நாக்குக்கடியில் வைத்துக் கரைக்கும் மருந்து.

"நல்லது. அது பூட்டின பெட்டியில இருக்கும். தினமும் என் கண்ணு முன்னால எடுத்துக்கணும். டாக்டர் சொல்லாம நிறுத்தக் கூடாது."

லோரீன் அதைச் சரியாகக் கேட்கவில்லை. சமையலறை வாசலுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி இருந்தது. உள்ளே அதே மூக்கு மருந்து. பிப்ரவரியில் பார்த்த அதே குப்பி. இது இங்கே எதற்கு? அப்படியானால் இந்த வீட்டில் யாரோ இன்னும் போதை எடுக்கிறார்கள்!

"பக்கத்துல சான்றிதழ் இருக்கு பாருங்கம்மா," என்றாள் ஹேஸல். "அதைக் குடுக்கற சங்கத்துக்காரங்க வந்து கட்டிலை எண்ணுவாங்க, அந்தப் பெட்டி காலியா இருக்கான்னு திறந்து பாப்பாங்க. என்னை வெளியே அனுப்பிட்டு, இந்தப் பசங்ககிட்ட என்னைப் பத்தியே கேப்பாங்க."

"ஒண்ணு விடாம சொல்லிடுவோம்," என்றான் வாணலிச் சண்டைக்காரர்களில் ஒருவன்.

சான்றிதழுக்குக் கீழே புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண் எழுதியிருந்தது. லோரீன் அதைப் பார்த்தாள். ஆனால் அவள் மனம் அந்த வெள்ளைப் பெட்டியை விட்டு நகரவில்லை. "யோசிச்சுச் சொல்றோம்," என்று தம்பியை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

இரண்டாவது வீடு சர்ச் அம்மாள் சொன்னது. வெள்ளை வேலி, வெட்டிவிட்ட புல். கதவைத் திறந்ததும் பீன்ஸும் சோள ரொட்டியும் மணத்தன. வீட்டை நடத்தும் கிளிண்ட் இரு கைகளாலும் டாரலின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வா சகோதரா. இது உன் வீடு."

அவர் பதினொரு வருடமாகப் போதையைத் தொட்டதில்லையாம். அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது. நடிப்பாகத் தெரியவில்லை. கட்டில்கள் மடிப்புக் கலையாமல் இருந்தன. லோரீனுக்குப் பாதி பாரம் இறங்கியதுபோல இருந்தது.

"சான்றிதழ் இருக்கா ஐயா?" என்று ஒப்புக்குத்தான் கேட்டாள்.

"லைசென்ஸே இருக்கு சகோதரி. அதைவிடப் பெருசு," என்று சட்டம் போட்ட காகிதத்தைக் காட்டினார்.

லோரீன் கிட்டே போனாள். நீல ஓரம், நகராட்சி முத்திரை. இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. அவள் வேலை பார்க்கும் டோனட் கடையில் கல்லாவுக்கு மேலே இதேதான் தொங்குகிறது. கடை நடத்த நகராட்சி தரும் அனுமதி. அங்கே 'டோனட் விற்பனை' என்று இருக்கும் இடத்தில் இங்கே 'அறை வாடகை' என்று இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

பொய் சொல்கிறாரா, அல்லது அவருக்கே இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லையா? அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஒரே ஒரு விஷயம்," என்றார் கிளிண்ட். "சட்டைப்பையில என்னப்பா?"

டாரல் மருந்தை எடுத்தான்.

"அது ஊன்றுகோல். இங்க நாங்க சுத்தம்னா சுத்தம். கழிப்பறையில போட்டுத் தண்ணியை இழுத்துட்டு வா. மூணு நாள் உடம்பு படுத்தும், நாங்க கூடவே உக்காந்திருப்போம்."

லோரீனுக்கும் அந்த மருந்து பிடித்ததில்லை. ஒரு போதையை விடுவதற்கு இன்னொன்றா என்று மனதுக்குள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். டாரல் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் கண்ணசைத்தால் போதும், போட்டுவிடுவான்.

"ஐயா," என்றாள். "யாராவது மூச்சு நின்னு விழுந்துட்டா... மூக்குல அடிக்கற மருந்து எங்க இருக்கு?"

"அந்தச் சனியன் எதுக்கு இங்க? அதை வச்சா, 'எடுத்துக்கோ, நான் எழுப்பி விடறேன்'னு நாமே சொல்ற மாதிரி ஆகாதா?"

ஒரு மணி நேரத்துக்கு முன் அவள் நினைத்ததும் ஏறக்குறைய இதுதான். அவளுக்குள் இருந்தபோது புத்திசாலித்தனமாகத் தோன்றியது. இன்னொருவர் வாயிலிருந்து வந்ததும் காதுக்குள் ஐந்து நிமிடம், ஐந்து நிமிடம் என்று ஏதோ அடித்துக்கொண்டது.

"இங்க ஏதாவது சரியில்லைன்னா யாருகிட்ட சொல்லணும் ஐயா?"

கிளிண்ட் புரியாமல் பார்த்தார். "என்கிட்டத்தான். வேற யாருகிட்ட?"

"மருந்தைப் பைக்குள்ள வை டாரல்," என்றாள் லோரீன்.

வண்டியில் ஏறியதும் டாரல் வெடித்தான்.

"உனக்கு என்னதான் ஆச்சு? அங்க பெட்டியைப் பாத்து ஓடி வந்த, இங்க பெட்டி இல்லைன்னு ஓடி வர்ற! அந்த மனுஷன் எவ்வளவு நல்லவரு!"

"நல்லவருதான்டா."

"அப்புறம்?"

"தெரியலடா. நல்லவரு தப்புப் பண்ணினா, தப்புன்னு அவருக்கு யாரு சொல்றது? அந்த ஹேஸலைப் பத்திப் புகார் சொல்ல ஒரு நம்பராவது இருந்துச்சு."

"ஒரு நம்பருக்காக அந்த ஓட்டை வீட்டுல கிடக்கணுமா? அங்க வாணலிக்கே அடிதடி!"

அவளுக்கு அந்த டாக்டரின் சுவர் நினைவுக்கு வந்தது. அந்தக் காகிதங்கள் எல்லாம் அவர் என்ன படித்தார் என்றுதான் சொல்லின. அவர் என்ன செய்கிறார் என்று ஒருவரும் உள்ளே வந்து பார்க்கவில்லை. அப்படிப் பார்த்தால் ஹேஸல் வீட்டுக் காகிதம் வேறு மாதிரிதானோ? சரியாக யோசிக்கிறோமா, மறுபடியும் ஏமாறுகிறோமா? பட்டியலில் இருந்த ஹேஸலின் எண்ணைப் போனில் அழுத்தினாள்.

"ஒரு கட்டில் இருக்கும்மா," என்றாள் ஹேஸல். "ஆனா நீங்க கேட்டா கொடுக்க மாட்டேன். வர்றவங்களே வாயத் திறந்து கேக்கணும். எங்க வழக்கம் அது."

"அவன் கோவத்துல இருக்கான்..."

"கோவத்தோடயே கேக்கட்டும்."

லோரீன் போனை நீட்டினாள். டாரல் வெள்ளை வேலியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கை வலிக்க ஆரம்பித்தது. கடைசியில் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு கீழே இறங்கி, அவளுக்கு முதுகைக் காட்டியபடி பேசினான். அவளுக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஒரு கட்டத்தில் அவன் தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா, தெரியவில்லை.

திரும்பி வந்து கதவை அறைந்து சாத்தினான்.

"ஆறு மணிக்குள்ள வரணுமாம். இன்னைக்கு வாணலி என் முறையாம்."

"நீ என்னடா சொன்ன?"

"முதல்ல வண்டியை எடு. அஞ்சே கால் ஆச்சு."