வளைவில் ஏற்றிய மண்

தண்டவாளம் பெயர்த்தெடுத்த பாதையில் சைக்கிளுக்கும் நடைக்கும் வழி போடும் வேலை. மொத்தம் நூற்றுப்பத்து கிலோமீட்டர். இருபது வருடம் இதே பாதையில் ரயிலுக்கு ஜல்லி கெட்டிப்படுத்திய ஏழு பேர் நாங்கள், நான் மேஸ்திரி. எங்களை விட்டால் இந்த மண்ணை யாருக்குத் தெரியும்?

அந்தத் திமிர்தான் காலை வாரியது. முப்பத்திரண்டாவது கிலோமீட்டர் வளைவை முடித்து அளந்து பார்த்தால், வெளி ஓரம் நாலு விரற்கடை உயரம். வளைவில் ரயில் கவிழாமலிருக்க அப்படித்தான் ஏற்றுவோம். ஒருத்தர் சொல்லாமலே ஏழு பேர் கையும் ஏற்றிவிட்டிருந்தது. வயிறு வலிக்கச் சிரித்தோம்.

"சைக்கிளுக்குக் கொடி காட்டவும் ஒரு ஆளைப் போட்டுரலாம்," என்றார் எங்களில் வாய் ஓயாத ரேடியோ மாமா.

சோதிக்க வந்த இன்ஜினீயரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அவர் என் மகளின் கணவர். வீட்டில் அதிர்ந்து பேச மாட்டார். இங்கே, மாமியாருக்குச் சலுகை காட்டுகிறார் என்று பேர் வந்துவிடுமோ என்ற பயத்தில் என்னிடம் மட்டும் இரண்டு பங்கு கடுமை.

"வரைபடத்துல மட்டம்னு இருக்கு, அத்தை. வெட்டி எடுத்துருங்க. இல்லேன்னா மிச்ச வேலை மிஷின் கம்பெனிக்குப் போயிரும்."

"மட்டமா விட்டா, வேகமா வர்றவன் சறுக்கி நேரா வாய்க்காலுக்குள்ள போவான், மாப்பிள்ளை."

"அப்ப நடக்குறவங்க?"

"அவங்க காலை ஊனிச் சமாளிச்சுக்குவாங்க. சக்கரத்துக்கு ஏது காலு?"

அவர் தன் சைக்கிளில் ஏறி அந்த வளைவில் இரண்டு தடவை வேகமாகப் போய்வந்தார். இறங்கியபோது முகத்தில் பழைய கடுமை இல்லை.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா தப்பா நடந்துபோச்சுன்னு எழுதினா இடிச்சே ஆகணும். தெரிஞ்சே செஞ்சதுன்னா..." என்று இழுத்தார்.

"சொல்லுங்க."

"விசாரணை முடியிற வரைக்கும் யாரும் அதைத் தொடக் கூடாது. மத்தவங்க வேலை செய்யலாம். செஞ்சவங்களை மட்டும் இன்னைக்கே நிறுத்தணும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர்மேல் இல்லை, இந்த வளைவை எட்டிக்கூடப் பார்க்காமல் எங்கோ உட்கார்ந்து கோடு போட்டவன்மேல். அவன் கோட்டுக்காக யாரோ பெற்ற பிள்ளை வாய்க்காலில் விழ வேண்டுமா?

"எழுதுங்க. மேஸ்திரி தெரிஞ்சேதான் ஏத்துனாங்கன்னு."

"அத்தை, அது பொய்."

"அரை மணி முன்னாடி வரைக்கும் பொய்தான். நீங்க இடிக்கச் சொன்ன நிமிஷத்துலேர்ந்து உண்மை."

பேனா நின்றது. "வீட்டுல உங்க பொண்ணுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"அவகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க பிழையில்லாம எழுதுங்க."

எழுதினார். கையெழுத்துப் போட்டேன். இருபது வருட வேலை ஒரே தாளில் முடிந்தது. வலித்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

பிறகு ரேடியோ மாமாவைக் கூப்பிட்டேன். "நாப்பத்தொண்ணாவது கிலோமீட்டர்ல இன்னொரு வளைவு வருது. அங்கயும் ஏத்துங்க. யாராவது கேட்டா, மேஸ்திரி சொல்லிட்டுப் போனாங்கன்னு சொல்லுங்க."

மாப்பிள்ளைக்குக் கேட்கட்டும், அதையும் என் பேரிலேயே எழுதட்டும் என்றுதான் உரக்கச் சொன்னேன்.