மூக்கு திறந்தால் மாட்டிக்கொள்வோம்

என் மருந்துக்கடை மேசையில் அக்கா வீட்டுக்காரர் மூன்று மாத்திரை அட்டைகளைப் பரப்பினார். மூக்கடைப்பில் குரல் பானைக்குள்ளிருந்து வந்தது.

"டாக்டரம்மா, மூணையும் ஒண்ணாப் போட்டா மூக்கு திறக்குமா?"

பட்டம் கொடுப்பார். சொன்ன பேச்சை மட்டும் கேட்க மாட்டார்.

அவருக்கு சோப்புத் தொழிற்சாலையில் வாசனை பார்க்கும் வேலை. அடுத்த திங்கள்கிழமை எட்டுப் புட்டிகளை மோந்து சரியாகச் சொல்லாவிட்டால், பெட்டி அடுக்கப் போக வேண்டியதுதான்.

அட்டைகளைத் திருப்பிப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆபீஸ்ல ஒருத்தர், பக்கத்து வீட்டுல ஒருத்தர், அப்புறம் எங்கக்கா. ஆளுக்கொண்ணு குடுத்தாங்களா? கம்பெனிதான் மாமா வேற, உள்ள இருக்கிறது ஒரே மருந்து. மூணையும் போட்டா மூக்கு திறக்காது, கண்ணுதான் மூடும்!"

"அப்போ என்னதான் பண்றது?"

"தூக்கம் வராத மாத்திரை, தினம் ஒண்ணே ஒண்ணு. கூடவே மூக்குக்கு இந்த ஸ்ப்ரே. இது ரெண்டும் சேரலாம். ஒரு வாரம் விடாம அடிங்க."

அவர் வீடு போய்ச் சேர்ந்ததும் அக்கா போன் செய்தாள்.

"அடிப்பாவி, நல்ல மருந்தையா குடுத்த? மூக்கு திறந்தா நாம மாட்டிக்குவோமேடி!"

மாட்டத்தான் செய்வோம். இரண்டு மாதம் முன்பு கடை வாசலில் கிடந்த பூனைக்குட்டியை அக்கா தலையில் கட்டியவளே நான்தான். மாடி அறையில் ஒளிந்து வளர்கிறது. கத்தினால், பக்கத்து வீட்டுக் குழந்தை என்று அக்கா சாதித்துவிடுவாள். அவர் மூக்கை அடைத்ததே அந்தப் பூனைதான். அடைத்த மூக்கால் அதைக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. எங்களுக்கு எத்தனை சௌகரியம்!

"மாமாவுக்கு வேலை போனாப் பரவாயில்லையா?" என்றேன். அக்கா போனை வைத்துவிட்டாள். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. பகல் முழுக்க அவளுக்குப் பேச்சுத்துணை அந்தக் குட்டிதான்.

திங்கள்கிழமை மாலை மாமா முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"எட்டும் சரி!"

சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மீதிச் சில்லறையை நீட்டுவதுபோல் என் கை தானாக நீண்டது. அதைப் பிடித்துக் குலுக்கியவர், சட்டென்று குனிந்து என் சட்டைக் கையை மோந்தார். அன்று மத்தியானம்தான் அந்தக் குட்டி ராட்சசியை மடியில் வைத்துக் கொஞ்சியிருந்தேன்.

"இதே வாசனை எங்க வீட்டு மாடியிலயும் வருது."

என் முகத்தில் ஈயாடவில்லை.

"பேரு வச்சாச்சா?"

"எதுக்கு மாமா?"

"பூனைக்கு."

"இன்னும்... இல்ல."

"நல்லதாப் போச்சு, நானே வைக்கிறேன்" என்றவர் கதவுவரை போய்த் திரும்பினார். "அந்த ஸ்ப்ரேல இன்னும் ரெண்டு எடு."