அரை மணித்தியாலம் பிந்திய பாங்கு

கணவன் மௌத்தாகி விதவையான பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இத்தா இருக்க வேண்டும். எண்ணி எண்ணித் தொண்ணூற்றேழாவது நாளுக்கு வந்திருந்தேன். எண்ணுவதற்கு எனக்கு ஒரு காரணம் இருந்தது. வெளியே வந்ததும் மாலைதீவுக்குப் போய், பாய்மரப் படகில் ஆறு நாள் தீவு தீவாகச் சுற்றப் போகிறோம்.

அது என் கணவர் ரவூப் போட்ட திட்டம். தம்புள்ளையிலிருந்து மாலைதீவுக்கு மரக்கறி அனுப்பியவர். அங்கே படகு வைத்திருக்கும் கூட்டாளியிடம் சொல்லி, நானும் அவரும் மகளும், என் தங்கை றிஸ்னா குடும்பமும் போக எல்லாம் ஒழுங்கு செய்தார். கடவுச்சீட்டும் எடுத்தாயிற்று. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழும்பவே இல்லை.

மூன்றாம் நாள் றிஸ்னா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நீங்க இத்தா முடிச்சு வந்தாத்தான் ராத்தா அந்தப் பயணம். நீங்க இல்லாம நான் அந்தப் படகுல கால் வைக்க மாட்டேன், வல்லாஹி!"

நானா சத்தியம் கேட்டேன்? அவளாகவே செய்தாள். மடைச்சி நான், நம்பினேன்.

பாடசாலை விடுமுறை வந்தது. "புள்ள வீட்டுக்குள்ளயே வாடிப் போறா, ஜிப்ரியோட ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று என் மகள் ஜெஸ்லாவைப் புத்தளத்துக்கு அழைத்துப் போனாள். ஜிப்ரி அவள் கணவர். ஒன்பது வயதுப் பிள்ளை எத்தனை நாளைக்குத்தான் என் வெள்ளை உடுப்பையே பார்த்துக்கொண்டிருக்கும்? சரி என்றேன்.

அவர்கள் போன நான்காம் நாள் பொழுது பட்டு, எங்கள் மாத்தளைப் பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு சொன்னார்கள். தொழுது, முசல்லாவை மடித்து வைத்து, தேத்தண்ணியும் குடித்து முடித்த பிறகுதான் ஜெஸ்லாவின் கோல் வந்தது. வீடியோ போடவில்லை.

"சாப்பிட்டியா மகள்?"

"சாப்பிட்டேன் உம்மா. பெரிய மீன்..."

அவளுக்குப் பின்னால் எங்கோ தூரத்தில் பாங்கு தொடங்கியது. றிஸ்னாவின் குரலும் கேட்டது. "போனை வை புள்ள, மஃரிப் பாங்கு சொல்லுது!"

"புத்தளத்துல இப்பத்தானா மஃரிப்?" என்று கேட்டேன். போன் நின்றுவிட்டது.

கடிகாரத்தைப் பார்த்தேன். புத்தளத்துக்கும் எங்களுக்கும் இரண்டு மூன்று நிமிடம்தான் வித்தியாசம். அரை மணித்தியாலம் பிந்துகிற ஊர் எதுவென்று எனக்குத் தெரியும். நோன்பு காலத்தில் மாலைதீவுக்குப் போனால் ரவூப் அங்கிருந்து கோல் எடுத்துப் புலம்புவார். "நீ கஞ்சி குடிச்சிட்டு ஏப்பம் விடுற, எனக்கு இன்னும் பொழுது படல்ல!" நான் வேண்டுமென்றே கஞ்சியைச் சத்தமாக உறிஞ்சுவேன்.

அலுமாரியைத் திறந்தேன். மூன்று கடவுச்சீட்டு வைத்த உறையில் இரண்டுதான் இருந்தன. அவருடையதும் என்னுடையதும்.

சொல்லியிருக்கலாமே, பாவி! திகதியை மாற்ற முடியவில்லை, போகட்டுமா ராத்தா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பிள்ளையின் பையை நானே அடுக்கிக் கொடுத்திருப்பேன்.

மூன்று நாள் கழித்து வந்தார்கள். இத்தாவில் இருப்பவள் முன்னால் அந்நிய ஆண் வரக்கூடாது என்பது அன்றைக்கு ஜிப்ரிக்கு நல்ல வசதியாய்ப் போயிற்று. வேனை விட்டு இறங்கவே இல்லை. றிஸ்னா ஒரு பார்சலை மேசையில் வைத்தாள்.

"புத்தளத்துக் கருவாடு ராத்தா. உங்களுக்குப் பிடிக்குமே."

"பாஸ்போட்டையும் அதோட வை" என்றேன்.

அவள் முகம் செத்துப்போயிற்று. "புள்ளைக்காகத்தான் ராத்தா... சொன்னா நீங்க மனசு உடைஞ்சு போவீங்கன்னு..."

"வாயை மூடிட்டு வெளிய போ."

போனாள். நான் ஜெஸ்லாவை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். வெயிலில் அவள் மூக்குத் தோல் உரிந்திருந்தது. அவள்மேல் எனக்கென்ன கோபம்? வாப்பா காட்டுவதாகச் சொன்ன கடலை அவள் வாயாலாவது கேட்க வேண்டும் போல் இருந்தது.

"வாப்பா சொன்ன மாதிரி டொல்பின் கூட்டம் வந்துச்சா மகள்? உம்மாக்கு எல்லாம் தெரியும். பயப்படாமச் சொல்லு."

அவள் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, அவர் மௌத்தான மூன்றாம் நாள் றிஸ்னா பிடித்த மாதிரியே, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் கடலே பார்க்கல்ல உம்மா. வல்லாஹி!"